மொட்டைக் கரண்டி

ஹோல்மியர், லிங்கன்ஷயர்
19 செப்டம்பர் 1982

அன்புள்ள ஹில்டா,

நீயும் பெர்னார்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி தேவலையா? எனக்கு முழங்கால் ஒன்றைத் தவிரக் குறையில்லை. ஐவியின் அடக்கம் முடிந்து நீ ஊருக்குப் போனபிறகு எத்தனையோ கடிதம் போட்டாய், நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. போனில் கூப்பிட்டபோதும் "ம்" கொட்டியதோடு சரி. கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பட்டறையில்தான் வாய். வீட்டில் பேச வராது என்று உன் அக்கா ஐவியே சொல்லியிருப்பாள்.

மறுபடியும் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடுமே, அந்த டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். கொட்டகையில் உலையும் மூட்டிவிட்டேன். வயல்காரன் டாக் தன் பழைய கிழங்கு லாரியைக் கழித்துக் கட்டியபோது ஸ்பிரிங் பட்டாக்களைக் கேட்டு வாங்கி வைத்தேனே, அதில் சில மிச்சம் கிடந்தன. நல்ல எஃகு. மண் தோண்டக் கடையில் விற்கிற கரண்டி எங்கள் களிமண்ணில் ரெண்டு குத்துக்கு வளைந்துவிடும். பட்டாவை முழநீளம் வெட்டிப் பழுக்கவைத்து நிமிர்த்தி, ஓரம் தீட்டி, பழைய சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடியாகப் பற்றவைத்தால் ஆயுசுக்கும் உழைக்கும். டிடெக்டர் சங்கத்தில் எல்லாரும் எனக்கொன்று உனக்கொன்று என்று கேட்கிறார்கள். "கிளிஃப், இத வச்சு எம் மாமியாளுக்குக் குழியே தோண்டிடலாம்டா" என்றான் ஸ்டான். சொன்னபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, முகம் வெளுத்துப்போனான். நான்தான் சிரித்து அவனைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஐவிக்குச் செய்த கரண்டியை உனக்குக் கொடுத்தேனே, பூச்செடி நடவாவது ஆகிறதா? அவள் அதைத் தீட்டவே விடவில்லை. "முனை மொட்டையாவே இருக்கட்டும்" என்று ஒரே அடம். "இத வச்சு வெண்ணெயக்கூட வெட்ட முடியாதுடி" என்றேன். "நான் என்ன வெண்ணெய் வெட்டவா போறேன்?" என்றாள். பட்டாவின் நடுவில் போல்ட் போகிற துளை இருக்குமில்லையா, என் கரண்டியிலும் மற்றவர்களுக்குச் செய்ததிலும் அதை அடைத்துவிட்டேன். அவளுடையதில் அடைக்கக் கூடாதாம். அப்படியே விட்டேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் வேறு யாரோ டிடெக்டர்காரர் புகுந்திருக்கிறார். டாக் என்னைத் தவிர யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்கிறான். ஆனால் நல்ல மனுஷர்தான். மூன்று பக்கம் வெட்டி, புல்லை மூடிபோலப் புரட்டி, வேலை முடிந்ததும் பழையபடி மூடி மிதித்துவிட்டுப் போகிறார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

பெர்னார்டைக் கேட்டதாகச் சொல்.
கிளிஃப்


கோம்ப் லீ, டெவன்
30 செப்டம்பர் 1982

அன்புள்ள கிளிஃப்,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இங்கே நாங்கள் சௌக்கியம். முதுகு அப்படியேதான். பெர்னார்டுக்குச் சளி, அதற்கு ஊரைக் கூட்டுகிறார்.

அக்காவின் கரண்டி பின்கதவுப் பக்கம் ஆணியில் தொங்குகிறது. மாத ஆரம்பத்தில் அதை வைத்துத்தான் டாஃபடில் பூக்கிழங்கு ஊன்றினேன். இந்தச் செம்மண்ணுக்கு அது போதும். மழை தொடங்கிவிட்டால் அந்தப் புல்வெளிக்கெல்லாம் போகாதீர்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தகர டப்பா சூப்பெல்லாம் சாப்பாடு ஆகாது.

அன்புடன்,
ஹில்டா


ஹோல்மியர்
17 அக்டோபர் 1982

அன்புள்ள ஹில்டா,

பெர்னார்டின் சளி விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இப்போது எழுதப்போவதைப் படித்துவிட்டு இல்லை என்று நினைக்காதே.

அந்தக் குழிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். நம் பக்கத்து மண்தான் உனக்குத் தெரியுமே, கரிமாதிரி கறுப்பு, வெட்டினால் வெட்டுப்பக்கம் சோப்புக் கட்டி போல வழவழவென்று நிற்கும். அந்தப் பக்கத்தில் பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு மண் புடைப்பு. அடுத்த குழியிலும் அதே. கரண்டியில் துளை இருந்தால்தான் அப்படி விழும். நான் செய்த கரண்டிகளில் துளை அடைக்காதது ஒன்றுதான்.

அது மட்டும் இல்லை. யார் வெட்டினாலும் எதிர்ப்பக்கத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, புல்லைத் தங்களுக்கு நேரெதிரேதான் புரட்டுவார்கள். ஐவி இடதுகைக்காரி, பக்கவாட்டில் புரட்டுவாள். இவற்றிலும் புல் பக்கவாட்டில்தான் புரண்டிருக்கிறது.

டாக்கை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "எலிதான்டா" என்றான்.

"எலி சதுரமா வெட்டுமா?"

"நம்ம ஊரு எலி வெட்டும். பேசாம வீட்டுக்கு வா, டீ குடிக்கலாம்." என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டான்.

ஹில்டா, ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கரண்டி ஆணியில்தானே இருக்கிறது?

கிளிஃப்


கோம்ப் லீ
28 அக்டோபர் 1982

அன்புள்ள கிளிஃப்,

நலமாக இருக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம். கரண்டி ஆணியில்தான் இருக்கிறது. நானே கழுவித் துடைத்து மாட்டினேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அந்தக் குழிகள் புல்வெளியில் எந்தப் பக்கம்? தேவாலய மதிலை ஒட்டியா? வடக்குப் பக்கமா? அந்த மண்ணில் அரிசிமணி அளவுக்கு வெள்ளைச் சிப்பி கலந்திருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே நல்ல காற்று. கூரையில் ரெண்டு ஓடு போய்விட்டது.

ஹில்டா


ஹோல்மியர்
9 நவம்பர் 1982

அன்புள்ள ஹில்டா,

ஓட்டைச் சரிபண்ணியாயிற்றா? பெர்னார்டை ஏணியில் ஏற விடாதே.

சிப்பி இருக்கிறது. மதிலை ஒட்டித்தான், வடக்குப் பக்கம்தான். நீ அந்தப் புல்வெளியில் கால் வைத்ததே இல்லை. உனக்கு எப்படித் தெரியும்? பூச்செடி நட்ட கரண்டியைத் துடைத்து மாட்டினாலே போதுமே, கழுவுவானேன்?

சனிக்கிழமை காலை அங்கே போய் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பனிமூட்டம், ஆனால் மதில் தெரிந்தது. ஈ காக்கை இல்லை. பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றத் திரும்பினேன், அவ்வளவுதான். மறுபடி பார்த்தால் என் நாற்காலிக்கு ஏழெட்டடி தள்ளிப் புல் புரண்டிருந்தது. கிட்டே போனேன். வெட்டின வேர்களில் இருந்து அப்போதுதான் நீர் கசிந்துகொண்டிருந்தது. புல்வெளி முழுக்கப் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. என் பூட்ஸ் தடத்தைத் தவிர ஒரு தடம் இல்லை.

டிடெக்டரை அந்தக் குழிமேல் ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எந்தக் குழியிலும் இல்லை. எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துத் தோண்டுகிற டிடெக்டர்காரர் எங்கே உண்டு?

எனக்குப் பயமாக இல்லை, ஹில்டா. அங்கே உட்கார்ந்து முந்தினநாள் என்ன சமைத்தேன், யார் வந்தார்கள் என்று பேசிவிட்டுத்தான் வந்தேன். அவள் இருந்தபோது அவ்வளவு பேசினதில்லை. ஆனால் அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது.

கிளிஃப்


ஹோல்மியர்
12 டிசம்பர் 1982

அன்புள்ள ஹில்டா,

ஒரு மாதம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு முடியவில்லையா? நான் ஏதாவது பேசக்கூடாததைப் பேசியிருந்தால் விட்டுவிடு. கிறிஸ்துமஸ் கேக் தனியே அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கினதுதான்.

குழிகள் மதிலின் பாதிக்கு வந்துவிட்டன.

கிளிஃப்


கோம்ப் லீ
3 ஜனவரி 1983

அன்புள்ள கிளிஃப்,

புதுவருஷம் உங்களுக்கு நல்லபடியாக இருக்கட்டும். கேக் வந்தது, நன்றாக இருந்தது. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அதுதான் விஷயம்.

செப்டம்பரில் கிழங்கு ஊன்றிய மறுநாள் காலை, ஆணியில் இருந்த கரண்டியில் ஈரமண் அப்பியிருந்தது. கறுப்பு மண். எங்கள் தோட்டம் செங்கல் நிறம், கிளிஃப். இந்த வட்டாரத்தில் கறுப்பு மண் என்று ஒரு பிடி கிடையாது. அதில் வெள்ளைச் சிப்பி. கழுவி மாட்டினேன். சில நாள் கழித்து மறுபடியும். பெர்னார்டுதான் ஏதோ விளையாடுகிறார் என்று சண்டை போட்டேன். ஒருநாள் காலையில் அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஹில்டா, அது சொட்டிக்கிட்டு இருக்கு" என்றார். அதற்குப்பிறகு அவர் அந்தக் கதவு வழியாகப் போவதில்லை. அலமாரியில் பூட்டி வைத்தும் பார்த்தேன். பூட்டு பூட்டினபடி இருந்தது. அடித்தட்டில் விரித்த காகிதம் ஊறிப்போயிருந்தது.

அவள் எதைத் தேடுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் ஜெர்மனியில் பட்டாளத்தில் இருந்தபோது பிறந்து இறந்த குழந்தையைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது பதினாறு வயது. வெந்நீர் எடுத்துக்கொண்டு போனவள் அந்த அறையிலேயே நின்றுவிட்டேன், யாரும் விரட்டவில்லை. பெண் குழந்தை. வெளுத்த முடி, நிறைய. அழவே இல்லை. மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றி ஒரு சோப்புப் பெட்டியில் வைத்தாள். "குடுங்க, ஒரு தடவ பாக்குறேன்" என்று அக்கா கேட்டாள். "பாக்காத கண்ணு, பாத்தா மறக்க முடியாது. அடுத்ததப் பாத்துக்கலாம்" என்றாள் மருத்துவச்சி. அவள் கையலம்பத் திரும்பிய நேரத்தில் அக்கா கட்டிலில் இருந்து எட்டி, தைக்கும்போது விரலில் மாட்டுவாளே அந்த வெள்ளித் தொப்பி, அதை எடுத்துத் துணி மடிப்புக்குள் செருகினாள். கைக்கு எட்டியது அது ஒன்றுதான். உள்பக்கம் அவள் பெயரின் முதலெழுத்தை ஊசியால் கீறியிருப்பாள். பெட்டியைக் கல்லறைத் தோட்டக்காரர் எடுத்துக்கொண்டு போனார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளை மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். எங்கே என்று சொல்லமாட்டார்கள். அவரும் செத்துப்போனார்.

டிடெக்டர் வேண்டும் என்று முதலில் கேட்டது அவள்தான், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பிறந்தநாளைச் சாக்காக வைத்து வாங்கினாள். முனை மொட்டையாக ஏன் கேட்டாள் என்று இப்போது புரிந்திருக்கும். கீழே இருப்பதன்மேல் பட்டுவிடுமோ என்ற பயம். ஆஸ்பத்திரியில் என்னிடம் கடைசியாகப் பேசினது அதைத்தான்: "மதிலோரம் பாதிகூட முடியலடி." கிளிஃபிடம் சொல்லட்டுமா என்றேன். "வேணாம், அவரு தாங்கமாட்டாரு" என்றாள்.

ஹில்டா


ஹோல்மியர்
8 ஜனவரி 1983

ஹில்டா,

பட்டாளத்துக்கு வந்த கடிதத்தில் ரெண்டு வரிதான் இருந்தது. என்ன பிள்ளை என்றுகூட எழுதவில்லை. திரும்பி வந்தபோது ஐவி தொட்டிலில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டாக் வயலில் அவளுக்கு ஒரு விரல்தொப்பி கிடைத்தது. வெறும் பித்தளை. அதைத் துடைத்து உள்ளே வெளியே பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தங்கக் காசு கெடைச்சாக்கூட இப்படி அழமாட்ட போல" என்றேன். சங்கத்துக்காரர்கள் முன்னால் சொன்னேன்.

கரண்டியை எனக்கு அனுப்பிவிடு.

கிளிஃப்


கோம்ப் லீ
17 ஜனவரி 1983

அன்புள்ள கிளிஃப்,

பார்சலில் வைத்துக் கட்டியிருக்கிறேன். இந்தத் தடவை கழுவவில்லை. கழுவத் தோன்றவில்லை. கம்பளிக் கையுறையும் வைத்திருக்கிறேன், குளிரில் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள் என்று எழுத நினைத்தேன். தனியாகப் போகமாட்டீர்கள்தானே.

ஹில்டா


ஹோல்மியர்
6 மார்ச் 1983

அன்புள்ள ஹில்டா,

கையுறை அளவாக இருக்கிறது. பெர்னார்டுக்கு இப்போது பின்கதவு வழியாகப் போக மனம் வந்ததா?

கரண்டி வந்ததும் அவள் மாட்டுகிற ஆணியில் மாட்டினேன். பிப்ரவரி முழுக்கத் தரை உறைந்து இறுகிக் கிடந்தது. குழி எதுவும் விழவில்லை. போன வாரம் இளகியது. செவ்வாய்க்கிழமை காலை கொட்டகையைத் திறந்தால் கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது. பெர்னார்டு சொன்ன அதே மாதிரி.

போனேன். மதில் உள்வாங்கித் திரும்புகிற மூலையில், முட்செடிக்குக் கீழே, ஒரு குழி. டிடெக்டரை ஆட்டினேன். தெளிவான சத்தம், சிணுங்கினமாதிரி. நம் பக்கத்து மண் வருஷாவருஷம் சுருங்கி இறங்கிக்கொண்டே போகிறது, கீழே கிடந்ததெல்லாம் மேலே வருகிறது. மொட்டைக் கரண்டியால் வழித்தேன், வெட்டவில்லை. விரலில் தட்டியது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். உள்ளே கீறல் எழுத்து. அதற்குமேல் ஒரு பிடி மண்ணைக்கூட நான் எடுக்கவில்லை.

எடுத்துக்கொண்டு வந்து ஐவிக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அது யாருக்குக் கொடுத்ததோ அவளிடமே இருக்கட்டும் என்று இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். பக்கவாட்டில் புரட்டினேன்.

புதுப் பாதிரியார் நல்ல பையன். ஜெபம் சொல்ல வந்தான். முடிந்ததும் அவனிடம் குழிகளைக் காட்டி, இதோடு நின்றுவிடும் என்று சொன்னேன். அவன் மதிலைக் கடைசிவரை பார்த்தான். "உங்க கொழந்த ஒண்ணுதானா இங்க இருக்கு?" என்றான்.

கிளிஃப்


கோம்ப் லீ
15 மார்ச் 1983

அன்புள்ள கிளிஃப்,

படித்துவிட்டு ரெண்டு பேரும் அழுதோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதாவது அவள் தூங்குகிறாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஹில்டா


ஹோல்மியர்
24 ஏப்ரல் 1983

அன்புள்ள ஹில்டா,

நீங்கள் ரெண்டு பேரும் சுகம்தானே? என் முழங்கால் வெயிலுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

தூங்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரமே கரண்டியில் மறுபடி மண். பாதிரியார் யாரிடம் என்ன சொன்னானோ, ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. முதலில் வந்தது ஸ்டானின் மாமியார். நின்றுகொண்டே, "கிளிஃபு, மழுங்கலா ஒண்ணு செஞ்சு தருவியா?" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. மறுவாரம் இன்னும் மூன்று பேர். கிழங்கு வயலில் கூட வேலை செய்தவர்கள், ஆயுசு முழுக்கப் பார்த்த முகங்கள். இதைப் பற்றி யாரும் யாரிடமும் இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. பட்டா தீர்ந்துபோய் டாக் இன்னொரு லாரியில் இருந்து கழற்றிக் கொடுத்தான். எலியைப் பற்றி இப்போது பேசுவதில்லை. நான் டிடெக்டரைப் பிடிக்கிறேன், அவர்கள் அவர்களே வழிக்கிறார்கள். புதைத்த பிள்ளைகூட எதையாவது வைத்தவர்களுக்குக் கிடைக்கிறது. ஒருத்திக்கு ஒரு பொத்தான், ஒருத்திக்கு ஊக்கு.

போன திங்கட்கிழமை தர்ஸா லெகெட் வந்தாள். எண்பது தாண்டியவள், கோலூன்றி நடப்பவள். அவளுக்குப் பிள்ளையே இல்லை என்றுதான் ஊரே நினைத்தது. "கூட என்னம்மா வச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வைக்கல. வைக்க எங்கிட்ட என்ன இருந்துச்சு? மூஞ்சியே காட்டல. என்ன கொழந்தன்னும் சொல்லல."

"இரும்போ வெள்ளியோ இல்லாட்டி இந்த மெஷினுக்குத் தெரியாதேம்மா."

"மெஷின யாருடா கேட்டா? ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

அவள் போனபிறகு, பைத்தியக்காரன்மாதிரி இருக்கிறதே என்று கூசிக்கொண்டுதான், ஆணி முன்னால் நின்று சொன்னேன்: "ஐவி, தர்ஸாம்மாவோடது. அவங்ககிட்ட வைக்க ஒண்ணும் இல்லையாம்."

காலையில் போய்ப் பார்த்தேன். மதிலோரம் எங்கும் இல்லை. யாருமே தேடாத இடத்தில், புல்வெளி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு குழி. வேலை முடிந்தால் மூடிவிட்டுத்தானே போவாள்? இதைப் புல்லைப் புரட்டினபடியே திறந்து விட்டிருந்தாள்.

தர்ஸாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கரண்டியைக் கேட்கவில்லை. கோலை என்னிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டு, குழிக்குள் கையை வைத்தாள். "அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். ஏதோ தாழ்ந்த குரலில் பேசினாள். நிறுத்தினாள். எதிராளி சொல்வதைக் கேட்கிறவர்கள் நிறுத்துவார்களே, அந்த மாதிரி. பிறகு "ஆமா" என்றாள். மறுபடியும் நிறுத்தி, "சரி, சொல்றேன்" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கேட்ட குரல் யாருடையது என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

காரில் ஏறி வெகுதூரம் வந்தபிறகு, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆம்பளப் புள்ளையாம்."

யாரிடம் என்ன சொல்வதாக ஒப்புக்கொண்டாள் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. தன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் தர்ஸாவே தோளைத் தொட்டாள். "ஒனக்கும் சேதி இருக்கு. சமையல் பத்திப் பேசினியாமே. இன்னும் பேசச் சொன்னா."

பெர்னார்டுக்கு என் அன்பு.

கிளிஃப்